நிறுத்திவைக்கப்படாத கணங்கள்: ஆ.ப.ஜெ. அப்துல் கலாமின் தன்வரலாற்று நூல்களில் பொறுப்பேற்றல்

ஆய்வுச் சுருக்கம்

இந்தியக் குடியரசின் பதினோராவது தலைவராக 2002 முதல் 2007 வரை பணியாற்றிய ஆ.ப.ஜெ. அப்துல் கலாமின் தன்வரலாற்று எழுத்துகள் தமிழ்ச் சூழலில் பெரும்பாலும் ஊக்கநூல்களாகவே வாசிக்கப்படுகின்றன. 1999இல் வெளிவந்த ‘அக்னிச் சிறகுகள்’ நூலையும் 2012இல் வெளிவந்த ‘டர்னிங் பாயிண்ட்ஸ்’ நூலையும் அருகருகே வைத்து, தோல்விக்குப் பொறுப்பேற்றல் என்னும் கருத்து அவற்றில் அடையும் மாற்றத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. 1979ஆம் ஆண்டு ஏவுகலத் தோல்வியும் 2005ஆம் ஆண்டு பீகார் சட்டப்பேரவைக் கலைப்பும் ஒப்பிடப்படுகின்றன. ஆய்வுக்கூடத்தில் உருவான ஓர் அறம் அரசியலமைப்புப் பதவிக்குள் நுழையும்போது எங்கே பொருந்துகிறது, எங்கே தடுமாறுகிறது என்பது இவ்வொப்பீட்டின் வழி விளக்கப்படுகிறது.

திறவுச் சொற்கள்: தன்வரலாறு, அப்துல் கலாம், பொறுப்பேற்றல், குடியரசுத் தலைவர், பீகார், எஸ்.எல்.வி.-3

முன்னுரை

ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் எழுதும் தன்வரலாறு ஒருவகையில் வாக்குமூலம். மற்றொரு வகையில் வழக்குரை. தாம் கண்டதைச் சொல்வதுடன், தாம் செய்ததற்கான காரணத்தையும் அவர் சொல்ல வேண்டியுள்ளது. எதிர்த்தரப்பு இல்லாத அவையில் பேசுவதால் அவருடைய சொற்களைச் சோதிக்கும் கடமை வாசகரிடம் வந்து சேர்கிறது. கலாமைப் பொறுத்தவரை இக்கடமை தமிழில் போதிய அளவு நிறைவேற்றப்படவில்லை. அவர்மீது மக்கள் கொண்ட அன்பு நூல்களைப் பரவலாகக் கொண்டுசேர்த்தது. அதே அன்பு அவற்றை விமரிசன வாசிப்பிலிருந்து விலக்கியும் வைத்தது.

‘டர்னிங் பாயிண்ட்ஸ்’ வெளிவந்தபோது 2004ஆம் ஆண்டு சோனியா காந்தியைப் பிரதமராக நியமிக்கத் தாம் அணியமாக இருந்ததாகக் கலாம் குறிப்பிட்ட பகுதியே செய்தித்தாள்களின் கவனத்தைப் பெற்றது. அரசியல் பரபரப்புக்கு அது தீனியாக அமைந்தது. அந்நூலின் ஆழமான பகுதியோ பீகார் பற்றியது. ஒரு குடியரசுத் தலைவர் தமது கையொப்பம் பிழையாகிவிட்டதை எண்ணி ராஜினாமாக் கடிதம் எழுதிவைத்ததையும், பின்னர் அதனைக் கைவிட்டதையும் தாமே எழுத்தில் பதிவுசெய்வது இந்தியத் தலைவர்களின் நினைவெழுத்துகளில் அரிது. இப்பகுதியின் முழுப்பொருளைப் பெற, அதற்கு இருபத்தாறு ஆண்டுகளுக்கு முந்தைய ஸ்ரீஹரிகோட்டாவுக்குச் செல்ல வேண்டும்.

தன்வரலாற்று மரபும் கலாமும்

தமிழின் நவீனத் தன்வரலாற்று மரபில் ஆசிரியர் பெறும் இடம் தனித்துவமானது. உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ பெருமளவு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரமாகவும் இருக்கிறது. மாணவர் தம்மைச் சொல்லத் தொடங்கி ஆசிரியரைச் சொல்லி முடிக்கிறார். ‘அக்னிச் சிறகுகள்’ ஆங்கிலத்தில் எழுதப்பட்டதாயினும் இம்மரபுக்கு நெருக்கமானது. இராமேசுவரத்தில் 1931இல் பிறந்த சிறுவனின் வாழ்வில் தந்தை ஜைனுலாப்தீன், மைத்துனர் ஜலாலுதீன், ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர், இராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியின் அய்யாதுரை சாலமன் என ஒருவர்பின் ஒருவராக வழிகாட்டிகள் தோன்றுகின்றனர். விக்ரம் சாராபாய், சதீஷ் தவான், பிரம்ம பிரகாஷ் ஆகியோர் அவ்வரிசையின் தொடர்ச்சியாக வருகின்றனர்.

கலாமின் கீழ்ப் பணியாற்றிய அருண் திவாரியுடன் இணைந்து எழுதப்பட்ட நூல் அது. கலாம் குடியரசுத் தலைவராவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே வெளிவந்துவிட்டது. ஆகவே அதில் பேசுபவர் ஒரு விஞ்ஞானி. தலைவராகப் போகிறோம் என்பதை அறியாதவர். ‘டர்னிங் பாயிண்ட்ஸ்’ நூலில் பேசுபவரோ பதவியை நிறைவுசெய்து ஐந்தாண்டுகள் கடந்தவர். முதல் நூலில் தலைக்கு மேல் எப்போதும் ஒருவர் இருக்கிறார். இரண்டாம் நூலில் மேலே எவரும் இல்லை. பொறுப்பேற்றல் என்னும் கருத்து இவ்விரு நூல்களில் வேறுபடுவதற்கு இந்நிலை மாற்றமே அடிப்படை.

1979 ஆகஸ்ட் 10

எஸ்.எல்.வி.-3 என்னும் நான்கு நிலை ஏவுகலம் 17 டன் எடையும் ஏறத்தாழ 23 மீட்டர் உயரமும் கொண்டது. 1979 ஆகஸ்ட் 10 அன்று காலை அது ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. முதல் நிலை சரிவரச் செயற்பட்டது. இரண்டாம் நிலையில் கலம் கட்டுப்பாட்டை இழந்து, 317 வினாடிகளில் பயணம் முடிந்து, வங்கக் கடலில் விழுந்தது. பல ஆண்டு உழைப்பு ஐந்தே நிமிடங்களில் நீரில் மூழ்கியது. அறைக்குத் திரும்பிப் படுத்துறங்கிய கலாமின் படுக்கையருகே பிரம்ம பிரகாஷ் வந்தமர்ந்து உணவுக்கு அழைத்த காட்சி, ஆறுதல் மொழிகள் மிகையாக இன்றியே ஆறுதலைப் புலப்படுத்துவது.

தோல்விக்குப் பிந்தைய ஆய்வுக்கூட்டமே இங்கு முதன்மையானது. வால்வு ஒன்று மூடாமல் நின்றதால் நைட்ரிக் அமிலம் கசிந்து, இரண்டாம் நிலைக் கட்டுப்பாட்டு அமைப்பு செயலிழந்தது என வல்லுநர்கள் கண்டறிந்தனர். தொழில்நுட்ப விளக்கம் அத்துடன் நிறைவடைந்தது. ஆயினும் கலாம் எழுந்து, கவுன்ட்டவுனின் இறுதிக் கட்டத்தில் தென்பட்ட கசிவைத் தாம் பொருட்படுத்தாது விட்டதாகவும், திட்ட இயக்குநர் என்ற முறையில் ஏவுதலை நிறுத்திவைத்திருக்க வேண்டும் என்றும் கூறிப் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறார். தவான் அவரைக் கைவிடாமல் நம்பிக்கை தெரிவித்துக் கூட்டத்தை முடிக்கிறார்.

இக்காட்சியில் மூன்று கூறுகள் உள்ளன. ஒன்று, பிழையின் இடம் துல்லியமாக அறியப்படுகிறது. இரண்டு, பிழையைத் தடுக்கும் வாய்ப்பு இருந்தது என்பதும் அது தவறவிடப்பட்டது என்பதும் ஒப்புக்கொள்ளப்படுகின்றன. மூன்று, மறுமுயற்சிக்கு இடம் உண்டு. அவ்வாறே 1980 ஜூலை 18 அன்று எஸ்.எல்.வி.-3 ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. ஆய்வுக்கூடத்தின் பொறுப்பேற்றல் இம்மூன்று கூறுகளாலும் நிறைவு பெறுகிறது. மூன்றாவது கூறு இல்லையேல் முதல் இரண்டும் தண்டனையாக மட்டுமே எஞ்சும்.

ஒரே நிகழ்வு, இரு கூற்றுகள்

பதவிக் காலத்துக்குப் பின் மேடைகளிலும் நேர்காணல்களிலும் கலாம் இந்நிகழ்வைப் பலமுறை எடுத்துரைத்தார். அங்கு அழுத்தம் இடம் மாறுகிறது. கணினி ஏவுதலை நிறுத்திவைத்தது. வல்லுநர்கள் அச்சமில்லை என்றனர். கணினியின் எச்சரிக்கையைக் கடந்து ஏவுமாறு கலாம் ஆணையிட்டார். கலம் கடலில் விழுந்தது. உடனே தவான் செய்தியாளர்களைச் சந்தித்துத் தோல்வியின் பொறுப்பைத் தாமே ஏற்றார். மறு ஆண்டு வெற்றி கிட்டியபோது செய்தியாளர்களைச் சந்திக்கக் கலாமை அனுப்பினார். தோல்வியைத் தலைவர் ஏற்க வேண்டும், வெற்றியைக் குழுவுக்கு வழங்க வேண்டும் என்பது அக்கூற்றின் பாடம்.

இவ்விரு கூற்றுகளும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. அடைபட்ட அறைக்குள் கலாமும், வெளியுலகின் முன் தவானும் பொறுப்பேற்றிருக்க இயலும். எனினும் எதனை முன்னிறுத்துவது என்பது சொல்பவரின் தேர்வு. 1999ஆம் ஆண்டு நூலில் முன்னிற்பது கீழுள்ளவரின் ஒப்புதல். பிற்காலக் கூற்றில் முன்னிற்பது மேலுள்ளவரின் காப்பு. இடைப்பட்ட காலத்தில் கலாம் நாட்டின் உச்சப் பதவியில் அமர்ந்து இறங்கியிருந்தார். தலைவர் என்பவர் யார் என்னும் வினா அவருக்கு நினைவு சார்ந்ததாக மட்டுமன்றித் தம்மையே அளக்கும் அளவுகோலாகவும் மாறியிருந்தது. தவானைப் பற்றி மேடையில் சொல்லப்பட்ட ஒவ்வொரு சொல்லும், சொன்னவர் அதே இடத்தில் இருந்தபோது என்ன செய்தார் என்ற வினாவைத் தன்னுள் கொண்டுள்ளது. அவ்வினாவுக்கான விடை பீகாரில் இருக்கிறது.

மாஸ்கோவில் இடப்பட்ட கையொப்பம்

2005 பிப்ரவரியில் நடைபெற்ற தேர்தலில் 243 இடங்கள் கொண்ட பீகார் சட்டப்பேரவையில் எக்கட்சிக்கும் பெரும்பான்மை கிட்டவில்லை. மார்ச் 7 அன்று குடியரசுத் தலைவர் ஆட்சி நடைமுறைக்கு வந்தது. பேரவை முடக்கிவைக்கப்பட்டது. உறுப்பினர்களை இழுக்கக் குதிரைப் பேரம் நடப்பதாக ஆளுநர் பூட்டா சிங் அறிக்கை அனுப்பினார். மே 22 இரவு மத்திய அமைச்சரவை கூடிப் பேரவையைக் கலைக்கப் பரிந்துரைத்தது. அவ்வேளையில் கலாம் மாஸ்கோவில் இருந்தார். தொலைநகல் வழி வந்த பரிந்துரைக்கு அங்கிருந்தே ஒப்புதல் அளித்தார். மே 23 அன்று, ஒருமுறையேனும் கூடாத ஒரு பேரவை கலைக்கப்பட்டது.

அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம் இக்கலைப்பு அரசியலமைப்புக்கு முரணானது என அறிவித்தது. தேர்தல் பணிகள் தொடங்கிவிட்டமையால் பேரவைக்கு மீண்டும் உயிரளிக்க மறுத்தது. 2006 ஜனவரி 24 அன்று மூவருக்கு இருவர் என்னும் பெரும்பான்மையில் விரிவான தீர்ப்பு வெளியானது. ஆளுநர் அமைச்சரவையைத் தவறாக வழிநடத்தினார் என்றும், அமைச்சரவை அறிக்கையைச் சரிபார்த்திருக்க வேண்டும் என்றும் அத்தீர்ப்பு குறிப்பிட்டது.

கலாமின் விளக்கம் வருமாறு அமைகிறது: பிரதமர் மன்மோகன் சிங்குடன் தொலைபேசியில் உரையாடினார், பரிந்துரையைத் திருப்பி அனுப்பும் வாய்ப்பை எண்ணிப் பார்த்தார், திருப்பினாலும் அமைச்சரவை அதனையே மீண்டும் அனுப்பும், அப்போது கையொப்பமிடுவது தவிர வேறு வழியிராது எனக் கருதினார், ஆகவே ஒப்புதல் அளித்தார். தீர்ப்புக்குப் பின், தமது தரப்பு நீதிமன்றத்தில் உரியவாறு எடுத்துரைக்கப்படவில்லை என்ற மனக்குறையையும் அவர் பதிவுசெய்கிறார். அடுத்த மூச்சிலேயே, தீர்ப்பு ஆளுநரையும் அரசையும் சுட்டினாலும் அது தமது அரசு என்பதால் பொறுப்பைத் தாம் ஏற்க வேண்டும் என்கிறார்.

இங்கு இரு குரல்கள் ஒலிக்கின்றன. ஒன்று குறைசொல்லும் குரல். மற்றொன்று பொறுப்பேற்கும் குரல். 1979ஆம் ஆண்டு ஆய்வுக்கூட்டத்தில் இத்தகைய இரட்டைத்தன்மை இல்லை. இதற்கான காரணத்தைக் கலாமின் மனநிலையில் மட்டுமே தேடுவது பொருந்தாது; பதவியின் அமைப்பிலும் தேட வேண்டும். அரசியலமைப்பின் 361ஆம் உறுப்பு, பதவிக் கடமைகளுக்காகக் குடியரசுத் தலைவரை எந்த நீதிமன்றத்துக்கும் விடை சொல்லக் கடமைப்பட்டவராக ஆக்குவதில்லை. 74ஆம் உறுப்பு, அமைச்சர்கள் அவருக்கு வழங்கிய ஆலோசனை யாது என்னும் விசாரணையைத் தடுக்கிறது. இவை பதவிக்குரிய காப்புகள். ஆனால் தமது மனத்தில் நிகழ்ந்ததைச் சொல்ல விரும்பும் ஒருவருக்கு இவையே வாய்ப்பூட்டுகளாகவும் அமைகின்றன. ஆய்வுக்கூட்டத்தில் எழுந்து நின்று பேசியவருக்கு நீதிமன்றத்தில் எழுந்து நிற்க இடமில்லை. ஏழாண்டுகள் கழித்து வெளிவந்த நூலே அவர் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம்.

எழுதப்பட்டு அனுப்பப்படாத கடிதம்

தீர்ப்பை அறிந்தவுடன் கலாம் ராஜினாமாக் கடிதம் எழுதிக் கையொப்பமிட்டு வைத்தார். குடியரசுத் துணைத் தலைவர் பைரோன் சிங் ஷெகாவத் அப்போது ஊரில் இல்லை. வேறொரு பொருள் குறித்துப் பேச வந்த பிரதமரிடம் கலாம் கடிதத்தைக் காட்டினார். பிரதமர் திடுக்கிட்டார், கடினமான இவ்வேளையில் விலக வேண்டாம் என வேண்டினார், அரசே கவிழக்கூடும் என்றார். அக்காட்சி நெஞ்சைத் தொடுவது, அதனை விவரிக்க விருப்பமில்லை எனக் கூறிக் கலாம் கடந்து செல்கிறார். அன்றிரவு உறக்கமின்றிக் கழிகிறது. தமது மனச்சான்று பெரிதா, நாடு பெரிதா என்னும் வினா எழுகிறது. மறுநாள் வைகறைத் தொழுகைக்குப் பின் ராஜினாமா முடிவைக் கைவிடுகிறார்.

விவரிக்க மறுக்கும் அந்த இடம் நூலின் மிகக் கூர்மையான இடம். பொதுவாக எதனையும் பாடமாக்கி வாசகரிடம் ஒப்படைக்கும் கலாமின் உரைநடை இங்கு பாடம் எதனையும் தருவதில்லை. பிறிதொருவரின் தளர்வைக் காட்சிப்படுத்தலாகாது என்ற நாகரிகம் அம்மௌனத்தில் உள்ளது. அதேவேளை, ஒரு குடியரசுத் தலைவரின் முடிவை மாற்றிய உரையாடல் வரலாற்றிலிருந்து மறைக்கப்படுவதும் அம்மௌனத்தில் உள்ளது. நினைவெழுத்து என்னும் வகைமையின் அறச்சிக்கல் இந்த ஒரு தொடரில் அடங்கிவிடுகிறது.

மனச்சான்றா நாடா என வினவும் முறையும் ஆய்வுக்குரியது. அவ்வாறு வினவியவுடன் விடை உறுதியாகிவிடுகிறது. நாட்டைவிடத் தம் மனச்சான்று பெரிது எனக் கலாம் போன்ற ஒருவர் சொல்ல இயலாது. ஆனால் ராஜினாமா தனிப்பட்ட மனநிறைவுக்கு மட்டும் உரியதா என்னும் வேறொரு வினாவும் இருந்திருக்க இயலும். ஒரு மாநில மக்களின் வாக்குகள் நள்ளிரவுத் தொலைநகல் ஒன்றால் பொருளிழந்தபோது, அதற்கு விலை கொடுப்பவர் ஒருவரேனும் உண்டு என்று காட்டுவதும் நாட்டுக்குரிய பணியே. நூல் இவ்வினாவை எழுப்பாமல் விடுகிறது.

திருப்பி அனுப்பும் உரிமை

திருப்பினாலும் மீண்டும் வரும் என்ற கலாமின் கருத்து சட்டநோக்கில் சரியானது. 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தம், பரிந்துரையை ஒருமுறை மறுபரிசீலனைக்கு அனுப்பும் உரிமையைக் குடியரசுத் தலைவருக்கு வழங்குகிறது. இரண்டாம் முறை வந்தால் ஏற்றேயாக வேண்டும். ஆயினும் நடைமுறை வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. கலாமுக்கு முன்னவரான கே.ஆர். நாராயணன் 1997இல் உத்தரப் பிரதேசம் குறித்தும், 1998இல் இதே பீகார் குறித்தும் 356ஆம் உறுப்பின்கீழ் வந்த பரிந்துரைகளைத் திருப்பி அனுப்பினார். அவ்விரு முறையும் அமைச்சரவை உடனடியாக வற்புறுத்தவில்லை. திருப்பி அனுப்புதல் முடிவை மாற்றும் அதிகாரம் அன்று. நேரத்தை உண்டாக்கும் அதிகாரம். அவசரத்தில் எடுக்கப்படும் முடிவுக்கு நேரமே மருந்து.

இவ்விடத்தில் 1979ஆம் ஆண்டு ஒப்புதல் மீண்டும் நினைவுக்கு வருகிறது. ஏவுதலை நிறுத்திவைத்திருக்க வேண்டும் என்பதே அன்று கலாம் சொன்னதன் சாரம். கசிவு தெரிந்திருந்தது, நிறுத்தும் உரிமை இருந்தது, நிறுத்தவில்லை. 2005 மே மாதத்தில் அவ்வமைப்பு அப்படியே திரும்பி வருகிறது. வல்லுநர்களின் இடத்தில் அமைச்சரவை. கணினியின் எச்சரிக்கை இருந்த இடத்தில் அவருடைய சொந்த ஐயம். இம்முறையும் நிறுத்திவைக்கப்படவில்லை. ஆய்வுக்கூடப் பொறுப்பேற்றலின் மூன்றாவது கூறான மறுமுயற்சிக்கும் இங்கு இடமில்லை. கலைக்கப்பட்ட பேரவை மீளவில்லை.

ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. 2006 மே மாதத்தில் ஆதாயம் தரும் பதவிகள் தொடர்பான தகுதியிழப்புத் தடுப்புத் திருத்த மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறி ஒப்புதலுக்கு வந்தது. பதவிகளுக்கு விலக்களிப்பதில் பொதுவான, நேர்மையான அளவுகோல் வேண்டும் எனக் கருதிய கலாம் மே 30 அன்று அதனைத் திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் மாற்றமின்றி அதனை மீண்டும் நிறைவேற்றியது. ஆகஸ்டு மாதத்தில் அவர் கையொப்பமிட்டார். இதற்கிடையில், அத்தகைய பதவிகளை ஆராய நாடாளுமன்றக் கூட்டுக்குழு அமைப்பதற்கு வழி பிறந்தது. திருப்பி அனுப்பினால் மீண்டும் வரும் என்பது இம்முறையும் உண்மையாயிற்று. எனினும் அனுப்பியது வீணாகவில்லை. மாஸ்கோவில் தாம் ஏற்ற வாதத்தைக் கலாம் தம் செயலாலேயே மறுத்தார். இது வாசிப்பின் வழிப் பெறப்படும் இணைப்பு. மறு ஏவுதல் வேறொரு களத்தில் நிகழ்ந்தது எனலாம்.

பாண்டியனும் குடியரசுத் தலைவரும்

பிழையான ஆணைக்குப் பொறுப்பேற்கும் ஆட்சியாளரைத் தமிழ் வாசகர் சிலப்பதிகாரத்தின் வழியே அறிந்துள்ளார். வழக்குரை காதையில் பாண்டியன் நெடுஞ்செழியன், தான் நம்பிய சொல் பொய்த்தது என வாதிடவில்லை. ஆணை தன்னுடையது, ஆகவே பிழையும் தன்னுடையது. அரியணையிலேயே உயிர் நீங்குகிறான். கலாமின் ராஜினாமாக் கடிதத்தை இம்மரபின் நிழலில் வாசிக்கும் விருப்பம் இயல்பாக எழும். ஆனால் ஒப்புமைக்கு எல்லை உண்டு. பாண்டியனின் ஆணை அவனது அதிகாரத்திலிருந்து பிறந்தது. குடியரசுத் தலைவரின் ஆணை பிறர் அதிகாரத்திலிருந்து பிறந்து அவர் பெயரைத் தாங்குவது. அதிகாரம் ஓரிடத்திலும் கையொப்பம் வேறோரிடத்திலும் இருக்கும்போது பொறுப்பு எங்கே இருக்கிறது என்பதற்குச் சிலப்பதிகாரத்தில் விடையில்லை. கலாமின் நூலிலும் முழுமையான விடையில்லை. ஆயினும் அவ்வினாவைத் தம் வாழ்விலிருந்து எழுப்பி வைத்துள்ளார்.

முடிவுரை

கலாமின் இரு நூல்களும் ஒருங்கே வாசிக்கப்படும்போது வெற்றிக் கதைக்கு அடியில் வேறொரு கதை தென்படுகிறது. நிறுத்திவைத்திருக்க வேண்டிய கணத்தில் நிறுத்தாமல் விட்டதை மறக்காத ஒருவரின் கதை அது. 1979இல் அவருக்கு மேலே தவான் இருந்தார். அடுத்த ஆண்டு மறு ஏவுதல் இருந்தது. 2005இல் அவருக்கு மேலே எவரும் இல்லை. மீளும் வழியும் இல்லை. ராஜினாமாக் கடிதம் அந்த வெறுமையை நிரப்ப எழுதப்பட்டது. அது அனுப்பப்படாமல் போனதை அவரே எழுதிவைத்தமையால், வாசகர் அவருடன் உடன்படவும் மாறுபடவும் இயல்கிறது.

‘டர்னிங் பாயிண்ட்ஸ்’ நூலின் குறை, கையொப்பமிட்ட இரவை விளக்கிய அளவுக்கு அதனைச் சோதிக்காமை. அதன் பெருமை, மறைத்திருக்கக்கூடிய ஒன்றை வெளிப்படுத்தியமை. மாணவர்களுக்கு வழங்கப்படும் கலாம், தோல்வியைப் படிக்கட்டாக மாற்றியவர். இந்நூல்களில் உள்ள கலாம், சில தோல்விகள் படிக்கட்டாக மாறுவதில்லை என்பதையும் அறிந்தவர். இவ்விரண்டாம் கலாமை வாசிக்கும்போதே, ஆட்சிப் பொறுப்பு என்பதன் எடை இளைய தலைமுறைக்குப் புலனாகும்.